தின்னர் மாத்திரை

அத்தியாயம் 17

போன வாரம் பெருமாயியைக் கையில் பிரஷ் டப்பாவோடு சமையற்கட்டு வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக நிற்கிறாள். கால் கடுத்துப் போயிருக்கும்.

டப்பாவுக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருணகிரி லாரிகளுக்கு எழுத்து எழுதும் பிரஷ்கள் ஐந்தாறு. அவற்றுக்கு அடியில் இளஞ்சிவப்பு மாத்திரைகள் பதினொன்று, நிறம் பாதி எச்சிலில் கரைந்து வெளுத்துக் கிடந்தன.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு நாலு வரி. அருணகிரி நாமக்கல் லாரிப் பட்டறையில் பெயின்டர். பெருமாயி அவர் பெண்டாட்டி. வீடு ராசிபுரத்தில். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஏழு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் சேலத்தில் டயாலிசிஸ். இப்போதைக்குக் கழுத்தில் செருகிய குழாய் வழியாகத்தான் ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. அந்தக் குழாயை நம்பி அதிக நாள் ஓட்ட முடியாது, கிருமி ஏறும். அதனால் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். மணிக்கட்டில் தைத்தது ஒரே வாரத்தில் அடைத்துக்கொண்டது. ஐந்து வாரத்துக்கு முன்னால் முழங்கை மடிப்பில் மறுபடி தைத்தார்கள்.

தைத்த இடத்தில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை, தினம் ஒன்று. இதுவும் அடைத்தால் வலது கையைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கை அருணகிரி பிரஷ் பிடிக்கும் கை. அதில் டயாலிசிஸ் ஊசி ஏறினால் கோடு நடுங்கிப் போகும் என்று அவருக்கு ஒரு பயம். இவ்வளவுதான் கதை, இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

பெருமாயி டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். விடிந்தும் விடியாத நேரம். கூடத்தில் அருணகிரி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது முழங்கை மடிப்பில் காதை வைத்தாள்.

ஐந்து வாரமாக அவளுடைய பொழுது இப்படித்தான் விடிகிறது. தைத்த கைக்குள் ரத்தம் பாயும்போது ஓர் இரைச்சல் கேட்கும், கேட்கும்வரை நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிறுத்திவைத்த லாரி இன்ஜின் அணையாமல் உறுமுவதுபோல இருக்கும் அந்தச் சத்தம். அவர் கண்ணைத் திறக்காமலே, “வண்டி ஓடுதா?” என்று கேட்பார். “ஓடுதுங்க” என்பாள்.

அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. காதை வைத்தபடியே சில நாள் கண் அயர்ந்துவிடுவாள். அப்போது எங்கெங்கோ போவாள். ஒரு நாள் எருமப்பட்டிச் சோளக்காட்டுக்கு மேலே காற்றாக மிதந்து போனாள். ஒரு நாள் யாரும் இல்லாத பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனாள், நிறுத்தமே வரவில்லை. விழித்ததும் கன்னத்தில் அவர் கைச்சூடு இருக்கும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு நெருக்கமாக இவர் பக்கத்தில் இருந்ததில்லையே என்று அவளுக்கே வெட்கமாக வரும்.

இன்றைக்குச் சத்தம் இருந்தது. ஆனால் உறுமலாக இல்லை. ஓட்டைப் பூவரச இலையில் பீப்பி ஊதுவதுபோல மெலிந்து, கீச்சென்று கேட்டது.

“வண்டி ஓடுதா?”

பெருமாயி காதை எடுக்கவில்லை. “ஏனுங்க, மாத்திரையெல்லாம் தெனமும் முழுங்கறீங்கதான?”

“முழுங்காம? உன்ற மவதான் காலையில கையில குடுத்துட்டு மொறைச்சுக்கிட்டே நிக்கறாளே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் கன்னத்துக்குள் மறைத்திருக்கிறார். பெருமாயி எழுந்து போய் மகளை எழுப்பினாள்.

இலக்கியா ஜவ்வரிசி ஆலை ஆபீசில் வேலை பார்க்கிறவள். அப்பாவின் டயாலிசிஸ் நாளில் அம்மாதான் துணைக்குப் போவாள். “இன்னிக்கு நீயும் வா சாமி” என்று அம்மா கூப்பிட்டதுமே அவளுக்கு ஏதோ போலிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “சத்தம் மாறியிருக்குது” என்று மட்டும் சொன்னாள் பெருமாயி. டப்பாவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. புருஷன் செய்த திருட்டுத்தனத்தை மகளிடம் போட்டுக்கொடுக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்?

சேலம் பேருந்தில் அருணகிரிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பனி இன்னும் விலகவில்லை. மரவள்ளிக் காடுகள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் போய்க்கொண்டிருந்தன. எதிரே பனிக்குள்ளிருந்து லாரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கடந்து போயின.

“அது நான் எழுதுனது” என்றார் ஒரு லாரியைக் காட்டி. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. “அதோட தாமரை மட்டும் என்ற வேலை. எழுத்து வேற ஆளு. கொம்பு பாரு, தொங்குது.”

“உங்களுக்கு எதுதான் தொங்காது” என்றாள் இலக்கியா.

அவர் சிரித்தார். வலது கை ஆள்காட்டி விரலால் ஜன்னல் கண்ணாடியில் பனி ஈரத்தின் மேல் ‘இ’ எழுதினார். ஒரே இழுப்பு, கையை எடுக்கவே இல்லை. எழுத்து கண்ணாடியில் மெல்ல வழிந்தது. பெருமாயி அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டயாலிசிஸ் அறையில் டெக்னீஷியன் ஜெர்ரி சேலத்துப் பையன். வாய் ஓயாமல் பேசுகிறவன். “வாங்க பெயின்டர் சார், வண்டி கண்டிஷன் எப்படி?” என்று கேட்டுக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்தான். வைத்த பிறகு பேச்சு நின்றுவிட்டது. இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

“சித்த இருங்க. டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்.”

டாக்டர் டெபோரா வந்தார். மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து முழங்கையில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஆறு போல நெளிந்தது. டாக்டர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இங்கதான் தையல் போட்டது. பாதை சுருங்கியிருக்கு. சுருங்கின இடத்துல ரத்தம் கொஞ்சம் கட்ட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் முழுசா அடைக்கல, நல்ல வேளை இன்னைக்கே வந்தீங்க. மாத்திரை விடாம சாப்பிடறாரா?”

“ஆமாங்க டாக்டர். நானே தெனமும் எடுத்துக் குடுக்கறனுங்க” என்றாள் இலக்கியா.

அருணகிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். விசிறி மிக மெதுவாகச் சுற்றியது.

“இல்லீங்க” என்றாள் பெருமாயி.

சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருணகிரி மட்டும் திரும்பவில்லை.

“பதினோரு மாத்திரை பிரஷ் டப்பாவுல கெடக்குதுங்க. இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன்.”

இலக்கியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பதினோரு நாள் காலையில் இந்த அப்பாவின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறாள். “ஏனுங்கப்பா இப்பிடிப் பண்ணுனீங்க?” என்றாள்.

அருணகிரி கூரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ஜெர்ரியைப் பார்த்து, “தம்பி, அது என்ன மாத்திரைன்னு அன்னிக்கு உன்றகிட்டக் கேட்டனல்ல?” என்றார்.

“கேட்டீங்க சார். பிளட் தின்னர்னு சொன்னேன்.”

“தின்னருன்னுதான சொன்னே.”

ஜெர்ரிக்குப் புரியவில்லை. பெருமாயிக்குப் புரிந்துவிட்டது. லாரிப் பெயின்டரின் பெண்டாட்டிக்கு, பெயின்ட்டை இளக்கும் தின்னர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த வாடையைத் துவைத்துப் பிழிந்து கொடியில் காயப்போட்டவள் அவள்.

“பெயின்ட்டுல தின்னரு அளவு மீறுனா என்ன ஆகும் தெரியுங்களா?” அருணகிரி டாக்டரிடம் கேட்டார். “நிக்காதுங்க. எழுத்து வடிஞ்சு ஓடிரும். அந்தத் தின்னரை மோந்து மோந்துதான் என்ற கிட்னி போச்சோன்னு நானே வெசனப்பட்டுட்டு இருக்கறேன். இதுல மாத்திரை வேற தின்னருன்னா? மூணு வாரத்துக்கு மேல முழுங்குனேன். பல் வெளக்குனா ஈறுல ரத்தம். சவரம் பண்ணயில ஒரு கீறல், அரை மணி நேரமாயும் நிக்கல. பாத்தனுங்க. ரத்தம் வடிய ஆரம்பிச்சிருச்சு, இனி நிக்காதுன்னு உட்டுட்டேன்.”

ஜெர்ரி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் என்ன தப்பு? எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொன்ன வார்த்தை ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“ஈறுல ரத்தம் வந்தப்பவே எங்ககிட்டச் சொல்லியிருக்கணும் ஐயா. அளவு பார்த்திருப்போம். பயந்தது தப்பில்ல, நீங்களே நிறுத்தினதுதான் தப்பு. அது ரத்தத்தைத் தண்ணியாக்கற மருந்து இல்ல. நம்ம ரத்தத்துல சின்னச் சின்ன அணு இருக்கு. தையல் போட்ட இடத்தைக் கண்டா காயம்னு நினைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டி ஒட்டித்தான் அடைப்பு. ஒட்டாம இருக்க இந்த மாத்திரை. ரத்தம் அதே கெட்டியாத்தான் இருக்கும்.”

அருணகிரி கண்ணை மூடி யோசித்தார்.

“டப்பாவைத் தொறந்து வெச்சுட்டா பெயின்ட்டு மேல ஏடு கட்டுமுங்க.”

“ஏடா?”

“பால் ஏடாட்டம். அதுல பிரஷ்ஷு விட்டா எழுத்தே வராது. ஏடு கட்டாம இருக்கறதுக்கு இது. அப்பிடித்தானுங்க?”

“அப்படியேதான்” என்றார் டாக்டர்.

“அதைச் சொல்லியிருந்தா முழுங்கியிருப்பனே தம்பி” என்றார் அருணகிரி, ஜெர்ரியிடம், குறையாக இல்லாமல்.

அதற்குப் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. மெல்லிய கம்பி வழியாகச் சின்ன பலூனை உள்ளே அனுப்பிச் சுருங்கிய இடத்தை விரித்துவிடலாம், கட்டிய ரத்தத்தையும் எடுத்துவிடலாம், மதியத்துக்குள் செய்தாக வேண்டும் என்றார்கள். “எதுக்கும் வலது கையையும் ஒரு தடவை ஸ்கேன்ல பார்த்து வெச்சுக்கறேன்” என்று டாக்டர் அந்தக் கையிலும் ஜெல் தடவினார். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் பார்த்தார். திரும்பி மறுபடி பார்த்தார். ஜெல்லைத் துடைத்துவிட்டார்.

உள்ளே கொண்டுபோகும்போது அருணகிரி பெருமாயியைப் பார்க்கவே இல்லை. அது அவளுக்குத் தைத்தது. நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சேலை முந்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்திருந்தால்? அதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது.

உள்ளே கையை மரத்துப்போகச் செய்திருந்தார்கள். அருணகிரி விழித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனாலும் கண் தானாகச் சொருகியது. நாமக்கல் சாலை தெரிந்தது. அவர் எழுதிய லாரிகள் எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒன்றில்கூட டிரைவர் இல்லை, சத்தம் இல்லை. யார் யார் பிள்ளைகளின் பெயர்களோ நெற்றியில் எழுதியிருக்க, ஒவ்வொன்றும் அவரைத் தாண்டும்போது கொஞ்சம் வேகம் குறைத்துப் போனது. கடைசியாக ஒரு லாரி, பெயரே எழுதாமல், வெறும் மஞ்சளாக வந்து நின்றது. அவர் பிரஷ்ஷைத் தேடினார். அது இடது கையில் இருந்தது. அட, இந்தக் கையில் எழுத வராதே என்று நினைத்துக்கொண்டே எழுதினார். வந்தது. என்ன பெயர் எழுதினோம் என்று படிக்கக் குனிந்தபோது, “முடிஞ்சுது ஐயா” என்றது டாக்டரின் குரல்.

வெளியே அதே நேரத்தில் ஜெர்ரி வந்து இலக்கியாவை மட்டும் கூப்பிட்டான். “டாக்டர் உங்ககிட்டப் பேசணுமாம்.”

டாக்டர் கையுறையைக் கழற்றியபடியே சொன்னார். “பாதை திறந்திருச்சு. இப்ப நல்லா ஓடுது. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கம்மா. முதல் தடவை அடைச்சப்ப காய்ச்சல்ல ரெண்டு வாரம் இங்கே படுத்திருந்தார் இல்லையா?”

“ஆமாங்க.”

“இடது கையைக் காப்பாத்தணும்னு எல்லா ஊசியும், எல்லா டிரிப்ஸும் வலது கையிலயே போட்டிருக்காங்க. அந்தக் கை நரம்பு எல்லாம் கெட்டுப்போயிருக்கு. தைக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்ல. நான் முன்னாடி வலது கைன்னு சொன்னது இப்ப நடக்காது. செயற்கைக் குழாய் வைக்கலாம், அது இன்னும் சீக்கிரமா அடைக்கும். அதனால இந்தக் கைதான். இதை எப்படியாவது பத்திரமா வெச்சுக்கணும்.”

“மாத்திரை போட்டா அடைக்காதுங்களா?”

“அப்படி உறுதி தர முடியாதும்மா. அடைக்கிற வாய்ப்பு குறையும். போடலைன்னா என்ன ஆகும்னு இன்னைக்குப் பார்த்தீங்க. ஈறுல ரத்தம் வருதான்னு நாங்களும் கவனிக்கறோம். இதை அப்பாகிட்ட எப்பச் சொல்றதுன்னு நீங்க யோசிங்க. ரெண்டு நாள் போகட்டும்னு எனக்குத் தோணுது.”

இலக்கியா வராந்தாவுக்குத் திரும்பி வந்தாள். “என்ன சொன்னாங்க?” என்று அம்மா எழுந்தாள். “சரியாப் போச்சாமுங்கம்மா” என்றாள். அதுவும் உண்மைதானே. பெருமாயி கையெடுத்துக் கும்பிட்டாள், எந்தச் சாமியை என்று அவளுக்கே தெரியாது.

கழுத்துக் குழாய் வழியாக அன்றைய டயாலிசிஸும் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக ஏற்காட்டு மலை நீலமாகக் கரைந்து நின்றது. ஒருநாள் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டில் கட்டில் கொடுத்தார்கள். அருணகிரி தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டிலின் இந்தப் பக்கம் மகள். அந்தப் பக்கம் பெருமாயி, கொஞ்சம் தள்ளி. காலையில் அவள் காட்டிக்கொடுத்ததிலிருந்து அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இலக்கியா மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அளந்து கொடுத்த தண்ணீர் அரை டம்ளர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீருக்கும் கணக்கு இருக்கிற உடம்பு அது.

பெருமாயி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனிமேல் காவல் காக்க அவளுக்கு விருப்பமில்லை. முழுங்கினால் முழுங்கட்டும்.

“இங்க பாரு, பெருமாயி.”

திரும்பினாள். அவர் மாத்திரையை நாக்கில் வைத்தார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் வேடிக்கை பார்த்தார், அதைப் பற்றி இவருக்குக் கவலையில்லை. இந்தக் கன்னம், அந்தக் கன்னம், இரண்டையும் விரலால் இழுத்துக் காட்டினார்.

“போதுமுங்க” என்றாள் பெருமாயி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“வா. வந்து கேளு.”

அவள் கட்டிலருகே மண்டியிட்டு, கட்டுப் போட்ட இடத்துக்கு மேலே, புஜத்தில் காதை வைத்தாள். உறுமல். பழைய உறுமல். காதுக்குள் இறங்கி நெஞ்சு வரைக்கும் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாதவள், அப்படியே மயங்கினாற்போலத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. நிறுத்தமே இல்லாத அந்தப் பேருந்தில் ஏறிவிட்டாள் போல.

அருணகிரி கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். மகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“இத்தன நாளும் எனக்கு என்ற எழுத்துதான் பெருசாப் போச்சு சாமி. வலது கையைத் தொடக் கூடாது, தொடக் கூடாதுன்னு அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். உன்ற அம்மா மொகத்தைக் காலையில ஒரு கண்ணு பாத்தேன். அதுக்கப்பறம் பாக்க முடியல.”

“பேசாம படுங்கப்பா.”

“இரு, சொல்லிப்போடறேன். இந்தக் கை தாக்குப்புடிச்சு நின்னா சந்தோசம். நிக்காட்டிப் போவுது. டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிர்றேன், வலது கையையே எடுத்துக்கங்கன்னு. எழுதுனது போதும். அந்தக் கை ஒண்ணு பத்திரமா இருக்குதுங்கற தெம்புதான் இப்ப எனக்கு.”

சொல்லிவிட்டு வலது கையை மகள் பக்கம் நீட்டினார். புறங்கையில், ஊசிகள் ஏறி இறங்கிய இடமெல்லாம் கறுத்து, கயிறு போலத் தடித்துக் கிடந்தது நரம்பு. இத்தனை நாளும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கவில்லை.

அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் மூடிக்கொண்டாள்.

“பத்திரமாத்தான் இருக்குதுங்கப்பா” என்றாள் இலக்கியா.